ஏற்றப் பாதைக்கு ஒரு தாய்வண்டி: மலையகத்தில் கைவினைப் பந்தயக் கார் ஆக்கம் பற்றிய ஒரு நோக்கு

மலையகத்தைப் பற்றிய நமது கட்டுரைகள் பெரும்பாலும் தேயிலைச் செடியில் தொடங்கி லயன் காம்பராவில் முடிவடைகின்றன. தேயிலைத் தொழிற்சாலையின் பட்டறையிலும், அட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களின் கராஜ்களிலும் தலைமுறைகளாகத் திரண்டுள்ள இயந்திர அறிவு அவற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றது. அவ்வறிவின் இயல்பை விளங்கிக்கொள்ள ஒரு சிறு வினாவை இங்கு எடுத்துக்கொள்வோம். ஒருவர் தம் கையாலேயே ஒரு பந்தயக் காரை ஆக்க விரும்பினால், அதற்கு எஞ்சின், கியர்பெட்டி, பின்னச்சு, தடுப்புகள் முதலியவற்றை வழங்கும் பழைய வண்டியாக எதனைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும்? இவ்வாறு உறுப்பளிக்கும் வண்டியை நாம் 'தாய்வண்டி' எனக் குறிப்போம்.

வரலாற்றுப் பின்னணி

இவ்வகை ஆக்கத்தின் வரலாறு எளிய வண்டிகளின் வரலாறேயாகும். இங்கிலாந்தில் 1922 முதல் 1939 வரை உற்பத்தியான ஒஸ்டின் செவன், 747 கன சென்ரிமீற்றர் எஞ்சினைக் கொண்ட சிறு குடும்பக் கார். பழையவை மலிவாகக் கிடைத்த காலத்தில், 1948இல், கொலின் சப்மன் என்னும் இளைஞர் அத்தகைய ஒன்றைப் பிரித்துத் தமது முதற் போட்டிக் காரை ஆக்கினார். லோட்டஸ் நிறுவனத்தின் தோற்றுவாய் அதுவே. நியூசிலாந்தில் புரூஸ் மக்லாரன் முதன்முதலில் போட்டியிட்டதும் ஒஸ்டின் செவன் ஒன்றிலேயே. அதுவும் ஒரு மலையேற்றப் போட்டியாக இருந்தமை நமது பொருளுக்கு நெருக்கமானது. 1957இல் வெளிவந்த லோட்டஸ் செவன், வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் உறுப்புத் தொகுதியாகவும் விற்கப்பட்டது. முழுக் காருக்குரிய கொள்வனவு வரி அத்தொகுதிக்கு இல்லாதிருந்தமையே அதன் பொருளாதார அடிப்படை. 1996இல் ரொன் சாம்பியன் குறைந்த செலவில் விளையாட்டுக் கார் கட்டுவது பற்றி எழுதிய நூல் பெரிதும் வாசிக்கப்பட்டது. அந்நூல் தாய்வண்டியாகக் கொண்டது போர்ட் எஸ்கோட்டை. இவை அனைத்திலும் ஒரே நியதி தொழிற்படக் காண்கிறோம்: அந்நாட்டில், அக்காலத்தில், மிகுதியாகவும் மலிவாகவும் கிடைத்த வண்டியே தாய்வண்டியாயிற்று.

இலங்கையில் மோட்டார்ப் போட்டியின் பழைய களங்களுள் ஒன்று நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை ஏற்றப் போட்டி. அது 1934இல் தொடங்கியது. நானுஓயாவை அடுத்த இறதல்லையும் இத்தகைய போட்டிகளுக்குப் பெயர்பெற்றது. இவ்விரு பெயர்களும் தேயிலைத் தோட்டங்களின் பெயர்கள் என்பது கவனிக்கத்தக்கது. கொழுந்தும் தேயிலைப் பெட்டியும் கொண்டுசெல்வதற்காகத் தொழிலாளர் உழைப்பினால் வெட்டப்பட்ட தோட்டப் பாதைகளே வசதி படைத்தோரின் வேகத்திற்கும் களமாயின. பாதையை வெட்டியவர் கரையில் நின்று பார்த்தனர். ஆயின் வண்டிகளைப் பழுதுபார்க்கும் அறிவு அக்கரையிலேயே வளர்ந்தது. தொழிற்சாலையின் ரோலரையும் உலர்த்தியையும் எண்ணெய் எஞ்சினையும் ஓயாது இயங்கவைக்கும் பிட்டர், தேய்ந்த புஷ்ஷைக் கடைந்தெடுக்கவும் ஒடிந்த தண்டை ஒட்டவும் அறிந்திருந்தார். அவ்வறிவு வாகனத்திற்கும் பொருந்துவதே.

உயரமும் வலுவும்

தாய்வண்டியைத் தேர்வதில் மலையகத்தின் புவியியல் முதலில் குறுக்கிடுகிறது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கு வளியின் அடர்த்தி கரையோரத்தைவிட ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவு. எஞ்சின் ஒவ்வொரு முறையும் உறிஞ்சும் ஒட்சிசன் குறைவதால் அதன் வலுவும் ஏறக்குறைய அதே விகிதத்திற் குறையும். வளி குறைந்தும் பெற்றோல் குறையாது வருமாயின் கலவை செறிவடைந்து புகை கக்கும். எனவே காபரேட்டரைச் சரிசெய்தல் இன்றியமையாதது. பழைய மொரிஸ், ஒஸ்டின் வண்டிகளிலுள்ள எஸ்.யூ. காபரேட்டரில் ஜெட்டைச் சிறிது மேலேற்றிக் கலவையை மெலிதாக்கலாம். அவ்வாறு சரிசெய்த வண்டியை அப்படியே கொழும்புக்கு இறக்கினால் கலவை அளவுக்கு மிஞ்சி மெலிந்து எஞ்சின் சூடேறும். நீரும் நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதிப்பதால், றேடியேட்டரும் அதன் அமுக்க மூடியும் பழுதின்றி இருத்தல் வேண்டும்.

இழந்த வலுவை ஈடுசெய்யப் பெரிய எஞ்சினைத் தேடுவோர் பலர். எடையைக் குறைப்பதே சிக்கனமான வழி என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். 1,098 கன சென்ரிமீற்றர் மொரிஸ் மைனர் 48 குதிரைவலு தருவது; எடை ஏறத்தாழ 775 கிலோகிராம். கடல்மட்டத்தில் ஒரு தொன்னுக்கு 62 குதிரைவலு கிடைக்கிறது. நுவரெலியாவில் அதே எஞ்சின் 40 குதிரைவலுவே தருவதாகக் கொள்வோம். அதனை 500 கிலோகிராம் எடையுள்ள திறந்த குழாய்ச் சட்டகத்தில் பொருத்தினால், தொன்னுக்கு 80 குதிரைவலு ஆகிறது. மேலும், பத்துக்கு ஒன்று என்னும் ஏற்றத்தில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஏறுவதற்கு, ஈர்ப்பை எதிர்ப்பதற்கு மட்டும் 775 கிலோகிராம் வண்டி ஏறத்தாழ 14 குதிரைவலுவையும், 500 கிலோகிராம் வண்டி 9 குதிரைவலுவையும் செலவிடும். மலைப்பாதையில் எடை ஒவ்வொரு அடியிலும் வரி கேட்கிறது.

தேர்வின் அளவைகள்

பின்சக்கர இயக்கம் உடைய வண்டியே பொதுவாக ஏற்றத்திற்கு உகந்தது. ஏறும்போது பாரம் பின்னோக்கிச் சாய்கிறது. பின்சக்கரங்களின் பிடி மிகுந்து முன்சக்கரங்களின் பிடி குறைகிறது. முன்சக்கர இயக்க வண்டிகள் ஈரப்பாதையில் சக்கரம் சுழன்று வீணாவதற்கு இதுவே காரணம். 1959இல் வந்த மினி இதற்கு ஒரு மாற்று வழியைத் தருகிறது. அதன் எஞ்சினும் கியர்பெட்டியும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தொகுதியாக இருப்பதால், அத்தொகுதியை முழுமையாக எடுத்து ஓட்டுநரின் பின்னே பொருத்தலாம். ஆனால் கியரும் எஞ்சினும் ஒரே எண்ணெயைப் பகிர்வதனால், எண்ணெய் மாற்றுவதில் சோம்பல் கூடாது.

மொரிஸ் மைனர் நமது நாட்டில் நீண்ட ஆயுள் பெற்றது. 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த சார்ள்ஸ் வெயாரின் மைனர் நிலையத்துடன் இணைந்து, டியூரபிள் கார் கம்பனி இலங்கையிலேயே மைனருக்கான உறுப்புகளைச் செய்தமை இதன் சான்று. அதன் ரெக் அன்ட் பினியன் திசைமாற்றி துல்லியமானது. சிறு வண்டிக்கு எளிதிற் பொருந்தும். பின்னச்சின் பல் விகிதமும் கருதத்தக்கது. 948 கன சென்ரிமீற்றர் மைனரில் அவ்விகிதம் 4.55, 1,098 மைனரில் 4.22. பெரிய எஞ்சினுடன் பழைய பின்னச்சைச் சேர்த்தால் உச்ச வேகம் குறைந்து ஏறும் திறன் கூடும். குறைகளும் உள. முன்சக்கர முறுக்குத் தண்டுகள் நீளமாகத் தளத்தில் பிணைந்திருப்பதால் புதிய சட்டகத்துக்கு மாற்றுவது கடினம். முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியன் மூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் இடாவிடின், புரி தேய்ந்து சக்கரமே மடிந்துவிடும்.

1960களின் பின்னர் வந்த யப்பானிய வண்டிகளுள் பின்சக்கர இயக்கமுடைய டட்சன் சனியும், 1979இல் வெளிவந்த நான்காம் தலைமுறைக் கொரோலாவும் கருதத்தக்கவை. இவற்றின் சிறப்பு எஞ்சினில் மட்டும் அடங்கவில்லை. கொரோலாவின் 'கே' வகை எஞ்சின் லைட் ஏஸ் வேன்களிலும், சனியின் 'ஏ' வகை எஞ்சின் பழைய வனட் வேன்களிலும் பொருத்தப்பட்டவை. ஆகவே ஒரு கேஸ்கட்டோ வால்வோ தேவைப்படின், கார் உறுப்புக்காக மாதக்கணக்கில் காத்திராமல் வேன் உறுப்பைத் தேடலாம். எந்த எஞ்சினின் குடும்பம் பெரிதோ, அந்த எஞ்சினே நீடித்து வாழும்.

ஏற்றம் முடிந்தபின் இறக்கம் உண்டு. நுவரெலியாவிலிருந்து இறம்பொடைக்கு இறங்கும் கொண்டையூசி வளைவுகளில் டிரம் தடுப்புகள் சூடேறிப் பிடியிழப்பது சாரதிகள் நன்கறிந்தது. வண்டியின் எடை குறைவது தடுப்புகளுக்கும் துணையே; ஆயினும் முன்சக்கர டிஸ்க் தடுப்புடைய தாய்வண்டி கிடைப்பின் அதனையே விரும்பலாம்.

வாங்கும்போது பார்க்கவேண்டியவை இவை: ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கமும் ஏறத்தாழச் சமமாக உள்ளதா, இறக்கத்தில் காலெடுக்கும்போது கியர் தானே விலகுகிறதா, பின்னச்சு ஓலமிடுகிறதா, பதிவுப் புத்தகத்திலுள்ள சேசிஸ், எஞ்சின் இலக்கங்கள் வண்டியோடு ஒத்துள்ளனவா. பொதுவீதியில் ஓட்டும் எண்ணம் இருப்பின், முதற் குழாயை வெட்டுவதற்கு முன்னரே மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்திடம் விதிகளைக் கேட்டறிதல் நன்று.

எந்த வண்டியைப் பிரிக்கலாகாது?

இவ்விடத்தில் தொழினுட்ப வினா சமூக வினாவாக மாறுகிறது. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பழைய வண்டிகளைப் பேணும் கலையை இந்நாட்டில் வளர்த்தன. 2020இல் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில், 2022இன் பொருளாதார நெருக்கடியினூடே, ஓடக்கூடிய ஒவ்வொரு பழைய வண்டியும் அரிய பொருளாயிற்று. தொலைவிலுள்ள தோட்டப் பிரிவில் நள்ளிரவில் பேறுகால வலி கண்ட பெண்ணை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்வது பல வேளைகளில் அத்தகைய வாடகை வண்டியொன்றே. பொழுதுபோக்குக்காக அதனைப் பிரிப்பது ஒரு பிரிவின் போக்குவரத்தையே பிரிப்பதற்கு ஒப்பாகும்.

நல்வாய்ப்பாக, தொழினுட்ப நியாயமும் இதற்கு இணங்கியே நிற்கிறது. தாய்வண்டியின் உடல் நமக்குத் தேவையில்லை. மழையும் மூடுபனியும் தளத்தகட்டையும் தூண்களையும் அரித்து, செப்பனிடும் செலவு விலையை விஞ்சிவிட்ட, ஆனால் எஞ்சினும் அச்சும் நலமாயுள்ள வண்டியே மலிவானது. அதுவே தகுந்ததும் ஆகும். உடல் நலமான வண்டி ஓடட்டும். உடல் அழிந்த வண்டியின் உறுப்புகள் புதிய சட்டகத்தில் வாழட்டும் என்பதே நமது முடிபு.

எனவே, நல்ல தாய்வண்டி எது என்பதற்கு விற்பனைப் பட்டியலில் விடை இல்லை. பழைய உறுப்புக் கடையும், கடைசல் பட்டறையும், இறக்குமதிச் சட்டமும், மலையின் வளியும் கூடியே அதனைத் தீர்மானிக்கின்றன. இந்நான்கையும் ஒருங்கே அறிந்தவர் மலையகத்தின் கராஜ்களில் எண்ணெய்க் கறையுடன் நிற்கும் தொழிலாளரே. தேசியத் தொழிற்தகைமை முறையில் முன்னனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு உண்டு. அது அவர்களைச் சென்றடைதல் வேண்டும். பேராதனையில் 1964 முதல் இயங்கும் பொறியியற் பீடம் அவர்களுக்குத் தொலைவிலில்லை. அவர்களின் சொற்களையும் செய்முறைகளையும் பதிவுசெய்வது தமிழ் மாணவர் மேற்கொள்ளத்தக்க பணி. அதற்குப் பட்டறை வாசலில் ஒரு குறிப்பேட்டுடன் நின்றாலே தொடக்கமாகும்.