விரலில் 98... கெண்டைக்காலில் எவ்வளவு?

கூரம், காஞ்சிபுரம் வட்டாரத்தில் பட்டு நெய்பவர்களுக்குக் கைகள் மட்டும் உழைப்பதில்லை. குழித்தறிக்குள் கால்களும் மிதிபலகையை மாறி மாறி மிதித்துக்கொண்டே இருக்கும்.

அந்தத் தசைகள் எவ்வளவு ஆக்சிஜனைச் செலவழிக்கின்றன? கொரோனா காலத்தில் பல வீடுகளுக்கு வந்த பல்ஸ் ஆக்சிமீட்டர் இதைச் சொல்லாது. ரத்தம் எடுத்துவரும் ஆக்சிஜனைத்தான் அது காட்டும்.

ஓய்வில் இருக்கும்போது, இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் தசைகளுக்குப் போகிறது. கடுமையான உடற்பயிற்சியில் அது 80 சதவிகிதத்தையும் எட்டும்.

தசையின் செலவை அளக்கவும் வழி உண்டு. அகச்சிவப்பை ஒட்டிய ஒளி உடல் திசுக்களுக்குள் ஊடுருவி, அங்குள்ள ஆக்சிஜன் நிலையைக் காட்டும் என்பதை 1977-ல் ஃபிரான்ஸ் யோப்சிஸ் என்ற ஆய்வாளர் கண்டறிந்தார். அதே முறையில் இப்போது கெண்டைக்காலில் சிறு கருவியைப் பொருத்துகிறார்கள். உடற்பயிற்சி முடிந்ததும் தொடையில் பட்டையை இறுக்கி, ரத்த ஓட்டத்தைச் சில நொடிகள் நிறுத்துகிறார்கள். அப்போது தசையில் ஆக்சிஜன் எவ்வளவு வேகமாகக் குறைகிறதோ, அதுதான் செலவின் வேகம்.

இது ஆய்வுக்கூட விஷயம் மட்டுமல்ல. நடந்தால் கெண்டைக்கால் வலித்து, நின்றால் சரியாகிறதா? காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். அப்போதும் விரலில் 98 காட்டும். குறிப்பாக, சர்க்கரை நோயாளிகளும் புகைபிடிப்பவர்களும் இந்த வலியை அலட்சியப்படுத்தாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.