கைநாட்டும் காவலும்

கைநாட்டு வைப்பவர் என்றால் எழுத்தறியாதவர் என்று பொருள் கொள்வது நம் நாட்டு வழக்கம். இன்றோ பட்டம் பெற்றவரும் ஒரு சிறு இயந்திரத்தின்மீது விரலை வைத்தே ரேஷன் அரிசியும் வங்கிப் பணமும் பெறுகின்றனர். விரல் ரேகையே கையெழுத்தாகவும் பணப்பெட்டியின் சாவியாகவும் ஆகிவிட்டது. அச்சாவியின் பத்திரத்தைக் குறித்து அங்கத்தினர்கள் சற்று யோசித்தல் அவசியம்.

“என்னிடம் ஒளித்து வைக்க என்ன இருக்கிறது? தறி ஒன்று, நிலம் முக்கால் ஏக்கர். இதை அறிந்து எவன் என்ன செய்துவிடப் போகிறான்?” என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. 2018ஆம் ஆண்டில் தெலங்காணாவில் வெளிப்பட்ட மோசடி இதற்கு விடை கூறுகிறது. கைப்பேசி சிம் விற்பனையாளர் ஒருவர், பதிவுத்துறையின் இணையதளத்திலிருந்து நிலப் பத்திரங்களின் நகல்களை எடுத்தார். அவற்றில் உரிமையாளர்களின் ஆதார் எண்ணும் பெருவிரல் ரேகையும் இருந்தன. ரப்பர் முத்திரை செய்யும் முறையிலேயே அந்த ரேகைகளை வார்த்து, பிறர் பெயரில் ஆயிரக்கணக்கான சிம்களை இயங்கச் செய்தார். தம் நிலத்தைக் கிரயம் செய்ததைத் தவிர அவ்வுரிமையாளர்கள் யாதொரு பிழையும் செய்தாரில்லை.

பிற்காலத்தில் இதே தந்திரம் பல மாநிலங்களில் வங்கிக் கணக்குகளின்மீது திரும்பியது. ஆதார் வழியே பணம் எடுக்கும் முறையில் மூன்றே பொருள் தேவை: ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை. இரகசிய எண்ணும் கேட்பதில்லை, கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீடும் கேட்பதில்லை. வங்கிக் கிளை இல்லாத சிற்றூர்களுக்கு இம்முறை பெரும் உபகாரம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பணம் போனதைச் சிலர் பாஸ் புத்தகத்தில் பதிவு போடும்போதுதான் அறிந்தனர். அசல் விரலா, வார்த்த விரலா என்று ஆராயும் புதிய பாதுகாப்பை ஆதார் ஆணையம் 2023இல் சேர்த்தது.

இதில் ஒரு விபரீதமும் உண்டு. நூலும் மண்வெட்டியும் தேய்த்த விரலை இயந்திரம் ஏற்க மறுப்பதை நம் அங்கத்தினர் பலர் அனுபவத்தில் கண்டிருப்பர். உழைத்தவன் விரல் செல்லாது. திருடன் வார்த்த விரல் செல்லும்! பூட்டுக் கெட்டால் வேறு பூட்டு வாங்கலாம். இரகசிய எண் வெளிப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம். ரேகையை மாற்றுவதற்கு வழியேது?

உடனடிக் கடன் தரும் சில கைப்பேசிச் செயலிகளின் கதை வேறு விதமானது. கடன் வாங்கியவரின் கைப்பேசியிலுள்ள உறவினர், நண்பர் எண்களையெல்லாம் அவை அள்ளிக்கொண்டன. தவணை தவறியதும் சம்பந்தி வீட்டுக்கே தொலைபேசியில் பேசி மானத்தை வாங்கின. அவ்வாறு எண்களையும் படங்களையும் எடுத்தலாகாது என்று 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி தடை விதித்தது.

அந்தரங்கம் செல்வர்க்கே உரிய ஆடம்பரம், ஏழைக்கு அது எதற்கு என்ற வாதம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி 2012இல் தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24ஆம் தேதி ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் ஒவ்வொரு குடிமகனுக்கும் உள்ள அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தனர். ஏழைக்கு அது வேண்டியதில்லை என்ற வாதம் ஏற்கப்படவில்லை. இது நமக்குப் பெரிய காரியமென்றே கருதுகிறோம்.

2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. விவரம் கேட்பவர் காரணத்தைக் கூற வேண்டும். காரியம் முடிந்தபின் அழித்துவிட வேண்டும். பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசமும் அளிக்கப்பட்டது.

சட்டம் வந்து சேரும்வரை நம் சங்க அலுவலகங்கள் காத்திருக்க வேண்டுவதில்லை. அங்கத்தினரின் ஆதார் நகல்கள் மேஜைமீது கட்டுக்கட்டாய்க் கிடப்பதும், பழைய நகல்கள் கடைக்காரரிடம் பொட்டலம் மடிக்கச் செல்வதும் எங்கும் காணும் காட்சியே. பேரேட்டைப் பூட்டி வைக்கும் காரியதரிசி இவற்றையும் பூட்டி வைக்கலாகாதா? நகல் கேட்கப்படுமிடத்தில், முதல் எட்டு இலக்கங்கள் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும் ஆதார் படிவம் போதுமா என்று அங்கத்தினர் கேட்கலாம். ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் அதனைக் கட்டணமின்றிப் பெறலாம். விரல் ரேகைக்குப் பூட்டுப் போடும் வசதியும் அங்கேயே உண்டு. ரேஷன் கடையில் விரல் வைக்க வேண்டிய நாளில் அதைத் திறந்துகொள்ள மறக்கலாகாது. பணம் பறிபோனதாக ஐயம் எழுந்தால், 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவித்து, அன்றே வங்கிக்கும் எழுத்து மூலம் புகார் கொடுத்து, அதற்குரிய ரசீதைப் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும்.