ஏரி நிலமும் சென்னையின் தண்ணீரும்

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,300 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையின்போது சில நாட்களிலேயே கொட்டித் தீர்த்துவிடும். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டு நகரை மூழ்கடித்தது. 2019 ஜூனில் நகருக்கு நீர் தரும் புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. அடுத்த மாதமே ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. காலநிலை மாற்றம் கனமழையை இன்னும் கடுமையாக்கும் என்கிறார்கள் அறிவியலாளர்கள். அப்படிப் பெய்வதைத் தேக்க ஏரிகள் வேண்டும்.

நீர் நிற்கும் பரப்பு மட்டும் ஏரியாகிவிடாது. வரத்துக்கால் தூர்ந்தால் தண்ணீர் வந்து சேராது. உபரிநீர் வழிந்தோடும் கலங்கல் அடைபட்டால் அந்த நீர் ஊருக்குள் புகும். கோடையில் காய்ந்து கிடக்கும் ஏரியோரத்தை மனையாகக் காட்டி விற்பது பழைய தந்திரம். வாங்குபவர் பத்திரத்தோடு நின்றுவிடாமல், வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் அந்த மனையின் புல எண் ஏரி, ஓடை, வாய்க்கால் புறம்போக்கு என்று வகைப்படுத்தப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். மின் இணைப்போ வீட்டு வரி ரசீதோ நிலத்துக்கு உரிமைச் சான்று ஆகாது.

மாசற்ற நீர், அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் கூறியது. நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றச் சென்னை உயர் நீதிமன்றம் 2005இல் உத்தரவிட்டது. 2007இல் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம் வந்தது. இது பொதுப்பணித் துறையின் (2021 முதல் நீர்வளத் துறையின்) பொறுப்பிலுள்ள ஏரிகளுக்கு மட்டுமே. ஊராட்சிக் குளங்களுக்கு 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தைத்தான் நாட வேண்டும். ஆகவே ஏரி யார் பொறுப்பில் உள்ளது என்பதை முதலில் அறிவது நல்லது. மனு தவறான அலுவலகத்துக்குப் போனால் மாதங்கள் வீணாகும்.

10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஏரியின் பரப்பு, எல்லை, அளவீட்டு வரைபடம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு உண்டு. ஆவணம் கையில் இருந்தால் வட்டாட்சியரிடமும் ஆட்சியரிடமும் தரும் மனுவைத் தட்டிக்கழிப்பது கடினம். கழிவு கலத்தல், சதுப்புநிலத்தை மேடாக்குதல் போன்றவற்றுக்குச் சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வை அணுகலாம். பிரச்சினை முதலில் எழுந்ததிலிருந்து 6 மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை அனுமதி கிடைக்கும். ஆக்கிரமிப்பாளர் என்று அறிவிப்புப் பெற்றவருக்கும் விளக்கம் தர வாய்ப்பு உண்டு. ஏரிக்கரையில் குடிசை போட்டு வாழ்பவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை.