கழுத்து ரப்பர் கிழிந்தால் உயிருக்கே உலை! பனிக்கடலில் இறங்குவோர் "பஞ்சர்" பார்க்கும் விதம்

அண்டார்டிகாவில் மெக்மர்டோ என்ற அமெரிக்க ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே கடல்மேல் உறைந்த பனியில் துளை போட்டு விஞ்ஞானிகள் உள்ளே இறங்குகிறார்கள். தண்ணீர் சுமார் மைனஸ் 1.8 டிகிரி!

அதற்குத்தான் 'டிரை சூட்'. நீர் புகாத உடை. கழுத்திலும் மணிக்கட்டிலும் மெல்லிய ரப்பர் பட்டை தோலோடு ஒட்டி நின்று தண்ணீரைத் தடுக்கும்.

இந்த ரப்பருக்கு வெயில் ஆகாது, எண்ணெய் ஆகாது. நாளானால் பிசுபிசுக்கும், வெடிக்கும். மாட்டும்போது நகம் கீறினாலே போச்சு! உள்ளாடை நனைந்து உடம்பு விறைத்துவிடும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சுமாம்.

மாற்றும் வேலை நம்ம சைக்கிள் கடை பஞ்சருக்கு அண்ணன்! பழைய ரப்பரை உரித்து, உடையின் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு பக்கமும் சொலூஷன் தடவுகிறார்கள். சுருக்கம் விழாமலிருக்க கைக்குள் ஒரு பாட்டிலைச் செருகிக்கொள்வார்கள். சொலூஷன் காய்ந்த பிறகுதான் புது ரப்பரை வைத்து அழுத்த வேண்டும். ஈரத்தோடு ஒட்டினால் கடலுக்குள் பிய்த்துக்கொள்ளும்.

கழுத்துப் பட்டைதான் கண்டம். புதுசு ரொம்ப இறுக்கும். அப்படியே மாட்டினால் ரத்தக்குழாயை அமுக்கி மயக்கம் வரலாம். தண்ணீருக்கடியில் மயங்கினால் கதை என்ன ஆகும்? ஆகவே கத்தரிக்கோலால் கொஞ்சம் கொஞ்சமாக வட்டமாக நறுக்குகிறார்கள். அதிகம் நறுக்கினால் கசியும். ஓரத்தில் பிசிறு விட்டால் அங்கிருந்தே மறுபடி கிழியும்.

பசையே இல்லாமல் வளையத்தில் மாட்டும் சிலிகான் பட்டையும் இப்போது வந்திருக்கிறது. கரையிலேயே சில நிமிடத்தில் மாற்றலாம். ஆனால் அதில் சாதாரண சொலூஷன் பிடிக்காது. கிழிந்தால் குப்பைக்கூடைதான்!