காற்றுக்கு விடாதே, கைக்கு விடு!

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மியின் கதியே அப்படி என்றால் மாடிக் கொடியில் உலர்த்திய ரவிக்கை எம்மாத்திரம்? காலையில் உலர்த்தியதைச் சாயங்காலம் எடுக்கப் போனால், அது அடுத்த வீட்டுத் தென்னை மட்டையில் ஊசலாடிக் கொண்டிருக்கும். யாரையாவது கெஞ்சிக் கூத்தாடி அதை இறக்கி வாங்கியாக வேண்டும். ஒரு தரம் தோய்த்ததை மறு தரம் தோய்க்கவும் வேண்டும்.

இந்தச் சங்கடத்திலிருந்து நம்மைக் காப்பாற்றுவது சுமார் மூன்றங்குல நீளமுள்ள ஒரு சின்னஞ்சிறு சாமான். அதுதான் துணி மாட்டும் கிளிப்.

"கிளிப்பில் என்ன பிரமாதம்?" என்று கேட்பீர்கள். அதற்கு நாம் இடும் கட்டளைகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காற்று எவ்வளவு பிடுங்கினாலும் விடக் கூடாது என்கிறோம். அதே சமயம், பாட்டியின் தளர்ந்த விரல்கள் அழுத்தினால் உடனே விட்டுவிட வேண்டும் என்கிறோம். ஒன்றுக்கொன்று நேர் விரோதமான இரண்டு உத்தரவுகள்! வெளியூருக்குக் கையோடு எடுத்துப் போவதென்றால் மூன்றாவது உத்தரவும் சேர்ந்துகொள்கிறது: கொடி இல்லாத இடத்திலும் எதையாவது பற்றிக்கொண்டு தொங்க வேண்டும். இந்த மூன்றையும் நிறைவேற்றும் கிளிப்பை உருவாக்குவது லேசான காரியமல்ல.

கிளிப்புக்கு முன்னால்

நம் ஊரில் வெகு காலம் கிளிப் இல்லாமலே காரியம் நடந்தது. குளத்தங்கரையில் இரண்டு பெண்கள் புடவையின் இரு தலைப்பையும் பிடித்துக்கொண்டு காற்றில் நின்றால், சற்றைக்கெல்லாம் அது உலர்ந்துவிடும். வீட்டுக் கூடத்தில் உத்தரத்திலிருந்து மூங்கில் கொடி தொங்கும்; மடிப் புடவையைக் கோலால் தூக்கி அதில் போடுவார்கள். மொட்டை மாடியில் என்றால் புடவைத் தலைப்பைக் கொடியோடு ஒரு முடிச்சுப் போட்டுவிடுவது வழக்கம். ஆறு கஜம், ஒன்பது கஜம் என்று நீளமான துணிக்கு அது போதும். ரவிக்கை, கைக்குட்டை, குழந்தையின் சட்டை இவற்றுக்கு முடிச்சுப் போட முடியுமா?

மேல்நாட்டிலோ துணிகள் எல்லாமே வெட்டித் தைத்தவை. வேலிச் செடியின் மேலும் மரக்கிளையின் மேலும் போட்டு உலர்த்தி வந்தவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் மரக் குச்சியைக் கொண்டு ஒரு யுக்தி செய்தார்கள். குச்சியின் ஒரு முனையைப் பிளந்து, கொடியின் மேல் துணியோடு சேர்த்துச் செருகினார்கள். இதில் ஸ்பிரிங் கிடையாது. மரத்தின் இறுக்கம்தான் பிடிப்பு. மெல்லிய துணியில் நழுவும். தடித்த துணியில் ஏறாது. பலமாக அழுத்தினால் இரண்டாகப் பிளந்துவிடும்.

மரமும் கம்பியும்

அமெரிக்காவில் வெர்மாண்ட் மாகாணத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் என்னும் ஊரைச் சேர்ந்த டேவிட் ஸ்மித் என்பவர், 1853-ல் ஸ்பிரிங் வைத்த கிளிப்புக்குப் பேட்டன்ட் உரிமை பெற்றார். இரண்டு மரக் கால்களின் வாலை அழுத்தினால் வாய் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். 1887-ல் ஸோலன் மூர் என்பவர் அதைச் சீர்திருத்தினார். ஒரே கம்பியைச் சுருளாக வளைத்து இரண்டு மரத் துண்டுகளுக்கும் நடுவே பொருத்தினார். அந்த ஒரு சுருளே மூன்று வேலை செய்தது: மரங்களைச் சேர்த்துக் கட்டியது, அவை அசைவதற்கு அச்சாணியாக இருந்தது, வாயை இறுக்கி மூடியது. ஆணி இல்லை, திருகு இல்லை. ஆகவே செலவும் குறைந்தது. இன்று உங்கள் கொடியில் உள்ள மரக் கிளிப் அந்த வம்சத்தைச் சேர்ந்ததுதான்.

வெர்மாண்டின் தலைநகரான மான்ட்பீலியரில் கிளிப் தொழிற்சாலைகள் எழுந்தன. முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து மலிவான கிளிப்புகள் வந்து குவிந்தன. பிறகு துணி உலர்த்தும் மின்சார யந்திரம் வந்தது. தொழில் மெல்ல மெல்ல நசித்து, அங்கே கடைசியாக எஞ்சியிருந்த தொழிற்சாலையும் 2009-ல் மூடப்பட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெளியே துணி உலர்த்தினால் அழகு கெடுகிறது என்று அமெரிக்கக் குடியிருப்புச் சங்கங்கள் பல தடை விதித்திருந்தன. அப்படிக் கொடி கட்டுவதைத் தடுக்கக் கூடாது என்று வெர்மாண்டில் சட்டம் வந்ததும் அதே 2009-ல்தான்!

கிளிப்புக்குச் சிலை வைத்த ஊரும் உண்டு. ஃபிலடெல்ஃபியா நகரில், நகரசபைக் கட்டிடத்துக்கு எதிரே, க்ளேஸ் ஓல்டன்பர்க் என்ற சிற்பி 1976-ல் நிறுவிய எஃகுக் கிளிப் 45 அடி உயரம் நிற்கிறது. இருவர் தழுவி நிற்பது போன்ற அதன் தோற்றத்தைப் பார்க்கிறவர்கள், வீட்டுக் கிளிப்பையும் ஒரு தரம் திருப்பிப் பார்ப்பார்கள்.

கடையில் பார்க்க வேண்டியவை

கிளிப்பும் கத்தரிக்கோலும் நெம்புகோல் ஜாதி. அச்சிலிருந்து வாய் இருக்கும் தூரத்தைப் போல வால் இரண்டு மடங்கு நீளமாக இருந்தால், விரலுக்குப் பாதி பலம் போதும். ஆகவே விரல் மூட்டில் வலியுள்ளவர்கள் வால் நீண்ட கிளிப்பாகப் பார்த்து வாங்குங்கள். அழுத்தும்போது நடுவில் அழுத்தாமல் வாலின் கோடியில் அழுத்துங்கள். ஸ்பிரிங் தளர்ந்த கிளிப்பும் திறப்பதற்குச் சுலபந்தான். ஆனால் அது காற்றுக்கும் சுலபம்.

வாயை உற்றுப் பாருங்கள். உள்ளே வட்டமாக ஒரு பள்ளம் இருக்கும். கொடிக் கயிறு உட்கார வேண்டிய இடம் அது. நுனியில் மட்டும் கயிற்றைக் கவ்வ விட்டால் கிளிப் நழுவும்.

இரும்பு ஸ்பிரிங் துருப் பிடித்தால் வெள்ளை வேட்டியில் செங்கறை நிச்சயம். பிளாஸ்டிக் கிளிப் துருப் பிடிக்காது. ஆனால் வெயிலில் கிடந்து கிடந்து அப்பளம் போல் நொறுங்கும். எவர்சில்வர் கம்பியில் செய்த கிளிப்புக்கு விலை சற்று அதிகம், உழைப்பும் அதிகம். எதுவானாலும் துணியை எடுக்கும்போது கிளிப்பையும் எடுத்து ஒரு பையில் போட்டு வைத்தால், அதன் ஆயுள் கூடும்.

கொடி இல்லாத இடத்தில்

ஹாஸ்டலில் இருக்கும் பெண்ணுக்கும், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக இருப்பவருக்கும், யாத்திரை போகிறவருக்கும் கொடி ஏது? ஜன்னல் கம்பியும் தண்ணீர்க் குழாயும்தான் கதி. கிளிப்பில் ஒரு கொக்கி வைத்தால் போதாதா என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். கொடிக் கயிற்றின் கனம் சில மில்லிமீட்டர். அரை அங்குலக் குழாய் என்று சொல்கிறோமே, அந்த இரும்புக் குழாயின் வெளிக்கனம் சுமார் 21 மில்லிமீட்டர். கதவின் கனம் அதையும் மிஞ்சும். பெரிய கொக்கி கயிற்றில் ஆடும். சின்னக் கொக்கி குழாயில் ஏறாது. தவிர, கொக்கியின் உச்சிக்கு நேர் கீழே கிளிப்பின் வாய் இல்லாவிட்டால், துணி ஒரு பக்கம் சாய்ந்து சுவரைத் தடவிக்கொண்டு நிற்கும்.

கொக்கிக்குப் பதில் ஒரு கயிற்று வளையம் வைத்தால் இந்தத் தொல்லை தீரும். எந்தக் கனத்துக்கும் கயிறு வளைந்து கொடுக்குமல்லவா? வீட்டிலேயே செய்துகொள்ளலாம். வேண்டியது, நல்ல ஸ்பிரிங் உள்ள ஒரு மரக் கிளிப்பும், ஒன்றரைச் சாண் நீளத்துக்கு மெல்லிய நைலான் கயிறும். கம்பிச் சுருளின் நடுவிலுள்ள துவாரத்தில் கயிற்றை நுழைத்து, இரு முனைகளையும் சேர்த்து இறுக்கி முடிச்சுப் போடுங்கள். இப்போது கிளிப்போடு ஒரு வளையம் தொங்கும். அந்த வளையத்தைக் குழாய்க்குப் பின்புறமாகக் கொடுத்து மேலே சுற்றி எடுத்து, அதற்குள் கிளிப்பை நுழைத்துக் கீழே இழுங்கள். சுருக்கு விழுந்துவிடும். துணியின் பாரம் அதிகமாக அதிகமாகச் சுருக்கு இறுகும். நிமிர்ந்து நிற்கும் ஜன்னல் கம்பியானால் வழுக்கும். கயிற்றைச் சற்று நீளமாக விட்டு இரண்டு சுற்றுச் சுற்றுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பாரம் முழுவதும் ஸ்பிரிங்கின் மேல் விழுவதால், நனைந்த புடவையையும் போர்வையையும் இதில் தொங்கவிடக் கூடாது. கம்பி மரத்தை விட்டுக் கழன்று வந்துவிடும். துண்டு, ரவிக்கை, குழந்தைச் சட்டை போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். துணி இல்லாத நேரத்தில் மற்றக் காரியங்களுக்கு அது தயார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மருந்துச் சீட்டைத் தொங்கவிடலாம். சமையலறையில் பட்சணக் குறிப்பைக் கண்ணுக்கு நேரே மாட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே கிளறலாம்.

இதில் வேறொரு நன்மையும் உண்டு. அடுக்கு மாடி வீடுகளில் பால்கனிக்கு வெளியே கட்டிய கொடியை எட்டுவதற்காக, முக்காலி போட்டு ஏறிக் கைப்பிடிச் சுவருக்கு மேல் குனியும் பெண்கள் எத்தனை பேர்! ஒரு கைக்குட்டைக்காக உயிரைப் பணயம் வைப்பதா? சின்னச் சின்ன உருப்படிகளை உள்பக்கத்துக் கம்பியிலேயே, கைக்கு எட்டும் உயரத்தில் மாட்டிவிட்டால், அந்த ஆபத்தில் பாதி குறையும்.

புதுக் கிளிப் வாங்கினாலும் சரி, வீட்டில் செய்தாலும் சரி, ஒரு பரீட்சை வைத்துவிடுங்கள். அதில் ஈரத் துண்டைத் தொங்கவிட்டு, மின்விசிறியை வேகமாகச் சுழல விடுங்கள். கால் மணி நேரம் தாக்குப் பிடிக்கிறதா? சரி. இனி வீட்டிலேயே மிகவும் வயதானவரைக் கூப்பிட்டு, ஒரே கையால் அதைத் திறக்கச் சொல்லுங்கள். அவர் முகம் சுளிக்காமல் திறந்துவிட்டால், அதே மாதிரியில் இன்னும் ஒரு டஜன் வாங்கலாம்.