தானே கண் விழிக்கும் கம்ப்யூட்டர்!

தஞ்சை ஜில்லாவில் பிறந்த வாசகிகளுக்குப் பம்பு செட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2012-ம் வருஷம் மேட்டூர் அணையை வழக்கம்போல ஜூன் 12-ல் திறக்கவில்லை. செப்டம்பர் 17-ல்தான் திறந்தார்கள். குறுவைக்கு ஆழ்குழாய்க் கிணறே கதி. மும்முனை மின்சாரமோ சில சமயம் நடு நிசியில் வரும். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்தபடி வரப்பில் நடந்து போய்ப் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். இந்தத் தொல்லைக்காகவே பலர் 'ஆட்டோ ஸ்டார்ட்டர்' மாட்டிக்கொண்டார்கள். மூன்று முனையும் வந்துவிட்டதா என்று பார்த்து, சற்றுப் பொறுத்து, மோட்டாரைத் தானே கிளப்பிவிடும் கருவி அது.

"பட்டணத்தில் இருக்கிற எனக்கு இது எதற்கு?" என்கிறீர்களா? உங்கள் அம்மா கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்குக் கம்ப்யூட்டரில் பேத்தியின் முகத்தைப் பார்த்தால்தான் அம்மாவுக்குக் காபி இறங்கும். பெட்டியோ மேஜைக்கு அடியில்! முழங்கால் வலியோடு குனிந்து பொத்தானைத் தேடுவது லேசான காரியமா? பம்பு செட்டின் அந்த வித்தை இந்தப் பெட்டிக்குள்ளும் இருக்கிறது.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, பெட்டியைப் போட்டவுடன் 'டெலிட்' அல்லது 'எப் 2' விசையை விடாமல் தட்டுங்கள். 'பயாஸ்' என்கிற திரை வரும். அதில் மின்சாரம் பற்றிய பகுதியில் 'ஆர்.டி.ஸி. அலாரம்' என்பது போல ஒன்று இருக்கும். பெயர் பெட்டிக்குப் பெட்டி கொஞ்சம் மாறும். தினமும் மாலை 5-55 என்று வைத்துச் சேமித்துவிடுங்கள். எல்லா லாப்டாப்புகளிலும் இந்த வசதி கிடையாது.

சுவர் ஸ்விட்சை மட்டும் அணைக்கக் கூடாது. மின்சாரம் இல்லாமல் எந்தக் கும்பகர்ணனும் எழமாட்டான். உள்ளே காசு போன்ற சிறு பாட்டரி ஒன்றும் உண்டு. மின்சாரம் போனாலும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். கம்ப்யூட்டர் அடிக்கடி தேதியை மறந்தால், அந்தப் பாட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மின்வெட்டுக்குப் பிறகு என்ன செய்வது என்றும் அதே திரை கேட்கும். அணைந்தே இரு, உடனே கிளம்பு, முன்பு இருந்தபடி இரு என்று மூன்று வழிகள். மூன்றாவதே உத்தமம். மின்சாரம் வந்து வந்து போகிற ஊரில் 'உடனே கிளம்பு' என்று வைத்தால், பெட்டி எழுந்து எழுந்து விழுந்துகொண்டிருக்கும். யூ.பி.எஸ். ஒன்று வாங்கிக் கொடுப்பது நல்லது.

கடவுச்சொல்லையும் எடுத்துவிடும்படி சிலர் யோசனை சொல்வார்கள். வேண்டவே வேண்டாம்! அம்மாவின் பாங்கிக் கணக்கும் அதே பெட்டியில் இருக்கலாம். நாலு எழுத்துத் தட்டுவதில் சிரமமில்லை, குனிவதில்தான் சிரமம்.

பெட்டியைத் திறந்து தூசி தட்டுகிற நாளில் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். ஆட்டோ ஸ்டார்ட்டரை நிறுத்தாமல் மோட்டாரில் கை வைப்பது எவ்வளவு ஆபத்து என்பது பம்புக் கொட்டகைக்குப் போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கவும் மறக்காதீர்கள். ஆளில்லாத அறையில் திரை பளிச்சென்று எரிவதைப் பார்த்து, பயந்துபோய் அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டுவிடப் போகிறார்!