பதினேழு வயதில் ஐந்து நட்சத்திரம்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஒவ்வோர் ஆண்டும் சுமார் 10 லட்சம் மாணவர்கள் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிறார்கள். உலகம் முழுக்கக் காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல இது. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடியும் எறிந்தும், தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து ஒருவரோடு ஒருவர் மோதியும் ஆடும் ஆட்டம். பள்ளி முடித்தபின் ஏதாவதொரு கல்லூரி அணியில் இடம் பிடிப்பவர்கள் இவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர்கூட இல்லை. படிப்புக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு முதல்தரப் பல்கலைக்கழகங்கள் அழைத்துச் செல்வது ஆண்டுக்குச் சில ஆயிரம் பேரை மட்டுமே. அந்தச் சில ஆயிரம் பேரைத் தேடிப் பிடிக்கும் வேலைக்கு ரெக்ரூட்டிங் என்று பெயர். எந்தப் பையன் எந்தக் கல்லூரிக்குப் போகிறான், நான்கைந்து ஆண்டுகள் கழித்து என்ன ஆகிறான் என்று தொடர்ந்து கவனித்து வருவது அமெரிக்காவில் லட்சக்கணக்கானவர்களின் பொழுதுபோக்கு.

இத்தனை ஆர்வத்துக்குக் காரணம், தொழில்முறை ஆட்டத்துக்குப் போக வேறு வழி இல்லாததுதான். என்.எஃப்.எல். எனும் தேசிய ஃபுட்பால் லீக், பள்ளி முடித்து மூன்று ஆண்டுகள் ஆகாத யாரையும் சேர்த்துக்கொள்வதில்லை. முதலாண்டிலேயே ஒஹாயோ ஸ்டேட் அணிக்கு 2002 பருவத்தின் தேசியப் பட்டத்தை வாங்கிக் கொடுத்த மாரிஸ் கிளாரெட், இந்த விதியை எதிர்த்து வழக்குப் போட்டுப் பார்த்தார். கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தவர், 2004-இல் மேல்முறையீட்டில் தோற்றார். ஆகவே கல்லூரிதான் ஒரே வாசல். அதைத் தாண்டிய பின் டிராஃப்ட் என்ற வீரர் தேர்வு வருகிறது. ஐபிஎல் ஏலம்போல இங்கே விலை கூவுவது கிடையாது. முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணி முதலில் எடுக்கும். 7 சுற்றுகளில் 32 அணிகளும் சேர்ந்து சுமார் 250 பேரை எடுப்பதோடு கடை மூடப்படும்.

பள்ளிப் பையன்களுக்கு நட்சத்திரம் போடும் வழக்கம் நெடுங்காலத்துப் பழக்கமல்ல. 1970-களின் இறுதியில் டாம் லெமிங் போன்ற ஓரிருவர் ஊர் ஊராகக் கார் ஓட்டிச் சென்று, பள்ளி மைதானங்களில் பையன்களைப் பார்த்து, குறிப்பெழுதி, சந்தாதாரர்களுக்கு இதழாக அனுப்பி வந்தார்கள். 1998-இல் ரைவல்ஸ் நிறுவனமும், 2010-இல் 247ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் தொடங்கப்பட்ட பிறகு அது பெரும் வியாபாரமாயிற்று. இரண்டு முதல் ஐந்து நட்சத்திரம் வரை தரம் பிரிக்கிறார்கள். 247ஸ்போர்ட்ஸ் ஆண்டுக்குச் சுமார் 32 பேருக்குத்தான் ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறது. டிராஃப்டின் முதல் சுற்றில் 32 இடங்கள் இருப்பதுதான் கணக்கு. நான்கு நட்சத்திரம் சில நூறு பேருக்கு, மூன்று நட்சத்திரம் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு.

கோடைக்கால முகாம்களில் பையன்களை வரிசையில் நிறுத்தி உயரம், எடை, கையின் நீளம், உள்ளங்கையின் அகலம் எல்லாவற்றையும் அளக்கிறார்கள். 40 கெஜ தூரம் ஓடவிட்டு, வினாடியில் நூறில் ஒரு பங்குவரை குறித்துக்கொள்கிறார்கள். நின்ற இடத்திலிருந்து எவ்வளவு எம்புகிறான் என்று பார்க்கிறார்கள். பிறகு ஆட்டத்தின் ஒளிப்பதிவு. கடைசியில், எந்தெந்தக் கல்லூரிகள் அவனுக்கு ஆஃபர் கொடுத்திருக்கின்றன என்ற விசாரிப்பு. இந்தக் கடைசி அளவுகோலில் ஒரு குறும்பு ஒளிந்திருக்கிறது: முன்னணி அணியான அலபாமா ஒருவனை விரும்பினால் அவன் நட்சத்திரம் கூடுகிறது, நட்சத்திரம் கூடினால் மற்றக் கல்லூரிகளும் பின்னால் ஓடி வருகின்றன.

ஒப்பந்தம் போடும் நாள் முன்பு பிப்ரவரி முதல் புதன்கிழமையாக இருந்தது. 2017 முதல் டிசம்பரிலேயே முன்கூட்டிய ஒப்பந்தக் காலம் வந்துவிட்டதால், பெரும்பாலோர் அப்போதே கையெழுத்திட்டு முடித்துவிடுகிறார்கள். மேசைமேல் மூன்று நான்கு கல்லூரிகளின் தொப்பிகள் வைக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் பெற்றோர், எதிரே கேமரா. பையன் ஒரு தொப்பியை எடுத்துத் தலையில் வைப்பதுதான் அறிவிப்பு. 2012 ஜனவரியில் லூசியானாவைச் சேர்ந்த லேண்டன் காலின்ஸ் நேரடி ஒளிபரப்பில் அலபாமாவைத் தேர்ந்தெடுத்தபோது, பக்கத்தில் இருந்த அவர் தாய் தலையை அசைத்து அதிருப்தியைக் காட்டினார். சொந்த மாநிலத்து எல்.எஸ்.யு. அணிதான் தன் விருப்பம் என்று கேமரா முன்னாலேயே சொல்லியும்விட்டார். காலின்ஸ் விஷயத்தில் மகனின் தேர்வு வீண்போகவில்லை. 2015 டிராஃப்டில் 33-ஆவதாக எடுக்கப்பட்டு, என்.எஃப்.எல்.லின் சிறந்த வீரர்களுக்கான ப்ரோ பௌல் ஆட்டத்துக்கும் பலமுறை தேர்வானார். இந்தச் சடங்கின் மயக்கம் எவ்வளவு என்பதற்கு 2008-இல் நெவாடாவில் நடந்தது சாட்சி. ஒரு மாணவர் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் ஊரையே கூட்டி, தொப்பி வைத்து, பெரிய பல்கலைக்கழகம் ஒன்றை அறிவித்தார். அந்தப் பல்கலைக்கழகம் அவரை அழைக்கவே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

நட்சத்திரங்கள் எந்த அளவுக்குப் பலிக்கின்றன? மொத்தமாகப் பார்த்தால் நன்றாகவே பலிக்கின்றன. ஐந்து நட்சத்திரக்காரர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் டிராஃப்டில் எடுக்கப்படுகிறார்கள். நான்கு நட்சத்திரத்தில் அது வெகுவாகக் குறைகிறது. மூன்று நட்சத்திரத்தில் பத்தில் ஒருவர்கூடத் தேறுவதில்லை. ஆனால் மூன்று நட்சத்திரக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால், எந்த என்.எஃப்.எல். அணியை எடுத்தாலும் அவர்கள்தான் நிறைந்திருப்பார்கள். இதைக் காட்டி நட்சத்திரமெல்லாம் வெறும் பேச்சு என்று வாதிடுபவர்கள், எத்தனை பேரிலிருந்து அத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

தனி ஆளாகப் பார்க்கும்போது கதை வேறு. நாட்டின் முதல் இடத்தில் வைக்கப்பட்டவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். 2002-இன் வின்ஸ் யங் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு 2006 ஜனவரியில் தேசியப் பட்டத்தை வென்று கொடுத்து, டிராஃப்டில் மூன்றாவதாகப் போனார், என்.எஃப்.எல்.லில் ஆறு பருவங்களோடு முடிந்தது. 2009-இல் ரைவல்ஸ் முதலிடம் கொடுத்த பிரைஸ் பிரவுன் இரண்டு கல்லூரிகள் மாறி, ஏழாம் சுற்றில் எடுக்கப்பட்டார். 2011-இன் ஜடேவியன் கிளவுனி டிராஃப்டிலும் முதலாவதாக வந்தார்; நீண்ட காலம் ஆடியும் ஒரு பருவத்தில்கூடப் பத்து சாக் (எதிரணியில் பந்தை எறிபவரை, எறியும் முன்பே வீழ்த்துவது) எடுத்ததில்லை. 2013-இன் ராபர்ட் நெக்கெம்டிச்சியை முதல் சுற்றில் எடுத்த அரிசோனா அணி மூன்றே பருவங்களில் விடுவித்துவிட்டது. 2017-இல் முதலிடம் பெற்ற ஜேலன் ஃபிலிப்ஸ் விபத்தில் மணிக்கட்டு சிதைந்து, தலையில் அடிமேல் அடிபட்டு, ஆட்டத்தை விட்டே விலகுவதாக அறிவித்தார். பிறகு மனம் மாறி மயாமி பல்கலைக்கழகத்தில் ஆடி, 2021 டிராஃப்டில் 18-ஆவதாக எடுக்கப்பட்டார்.

இந்த வரிசையில் அமெரிக்கர்கள் இன்றும் பேசும் பெயர் மார்கஸ் டுப்ரீ. மிசிசிப்பி மாநிலத்தில் ஃபிலடெல்ஃபியா என்ற சிற்றூரில் 1964 மே மாதம் பிறந்தவர். அடுத்த மாதமே அந்த ஊரருகே மூன்று சிவில் உரிமைத் தொண்டர்கள் கொல்லப்பட்டு, ஊரின் பெயர் நாடு முழுக்கக் கெட்டது. வெள்ளை, கறுப்பு மாணவர்கள் ஒரே பள்ளியில் படிக்கத் தொடங்கிய தலைமுறையில் வளர்ந்த டுப்ரீ, பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடினால் இரு தரப்பாரும் எழுந்து நின்றார்கள். 1981-82 குளிர்காலத்தில் பயிற்சியாளர்கள் அந்த ஊரை மொய்த்தார்கள். ஓக்லஹோமாவின் உதவிப் பயிற்சியாளர் லூசியஸ் செல்மன் வாரக்கணக்கில் அங்கேயே தங்கியிருந்து டுப்ரீயின் கையெழுத்தைப் பெற்றுப் போனார். இந்த வேட்டையை வைத்தே எழுத்தாளர் வில்லி மாரிஸ் 1983-இல் ஒரு நூல் எழுதினார்.

முதலாண்டு முடிவில், 1983 புத்தாண்டு தினத்து ஃபியெஸ்டா பௌல் ஆட்டத்தில், முழு நேரமும் களத்தில் இல்லாமலே டுப்ரீ 239 கெஜம் ஓடினார். அணி தோற்றது. உடம்பைச் சரியாக வைத்திருந்தால் இன்னும் ஓடியிருக்கலாம் என்று பயிற்சியாளர் பாரி ஸ்விட்சர் குறை சொன்னார். உறவு கசந்து, அதே ஆண்டு அக்டோபரில் டுப்ரீ கல்லூரியைவிட்டுக் கிளம்பினார். கல்லூரி மாறியவர் உடனே ஆட முடியாது என்பது அன்றைய விதி. என்.எஃப்.எல்.லும் சேர்க்காது. போட்டி லீக் ஒன்றில் நியூ ஆர்லியன்ஸ் அணிக்குப் போனார். 1985-இல் முழங்காலில் பலத்த காயம் பட்டது. ஐந்தாண்டு கழித்து உடம்பைத் தேற்றிக்கொண்டு லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்காக இரண்டு பருவங்கள் கொஞ்சம் ஆடினார். அவ்வளவுதான். டுப்ரீயின் திறமையைக் கணித்தவர்கள் தவறவில்லை. கசப்பும் காயமும் விதியும் எந்தப் பட்டியலிலும் இருக்கவில்லை.

கணிப்பே பிசகுவது பெரும்பாலும் உடல் வளர்ச்சியில். பந்தோடு ஓடுபவனின் வேகம் 17 வயதிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடும். முன்வரிசையில் நின்று எதிராளியைத் தடுப்பவர்களோ 300 பவுண்டு, அதாவது 136 கிலோ எடையில் ஆட வேண்டியவர்கள். அந்த வயதில் பாதிப் பேருக்கு அந்த உடம்பே வந்திருக்காது. ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கிடம் கையின் பலத்தைவிட, மூன்று வினாடிக்குள் எதிரணியின் தற்காப்பைப் படித்து முடிவெடுக்கும் புத்தி முக்கியம். அதை எந்த முகாமிலும் அளக்க முடிவதில்லை.

ஜாஷ் ஆலன் கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்ற விவசாய ஊர்க்காரர். பள்ளியில் ஒல்லிக்குச்சி. பக்கத்து நகரமான ஃப்ரெஸ்னோவின் பல்கலைக்கழகம்கூடக் கூப்பிடவில்லை. ரீட்லி என்ற ஈராண்டுக் கல்லூரியில் சேர்ந்து, நாட்டிலுள்ள பயிற்சியாளர்களுக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருந்தார். வயோமிங் கை கொடுத்தது. 2018 டிராஃப்டில் ஏழாவதாகப் போனவர், 2024 பருவத்தில் என்.எஃப்.எல்.லின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். இரண்டு நட்சத்திரக்காரரான ஜே.ஜே. வாட், சென்ட்ரல் மிச்சிகனில் ஓராண்டு ஆடிப் பிடிக்காமல் வெளியேறி, ஊரில் பீட்சா விநியோகித்துக்கொண்டிருந்தார். பிறகு உதவித்தொகை இல்லாமலே விஸ்கான்சின் அணியில் சேர்ந்தார். பின்னாளில் மூன்று முறை லீகின் சிறந்த தற்காப்பு வீரர்.

அவசரப்பட்டுக் கணித்ததன் உச்சம் டேவிட் சில்ஸ். 2010-இல் சதர்ன் கலிஃபோர்னியா பயிற்சியாளர் லேன் கிஃபின் இவருக்கு ஆஃபர் கொடுத்தபோது வயது 13, ஏழாம் வகுப்பு. வாய்மொழி ஆஃபர் யாரையும் கட்டுப்படுத்தாது. சில்ஸ் கல்லூரிக்குப் போகும் வயது வருவதற்குள் கிஃபினே 2013-இல் நீக்கப்பட்டுவிட்டார். மேற்கு வர்ஜீனியாவில் சேர்ந்த சில்ஸ், குவார்ட்டர்பேக் கனவை விட மனமில்லாமல் இடையில் ஈராண்டுக் கல்லூரி ஒன்றுக்குப் போய்த் திரும்பி, கடைசியில் பந்தைப் பிடிக்கும் ரிசீவராகி 2017-இல் 18 டச்டவுன் (பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி சேர்ப்பது) எடுத்தார். டிராஃப்டில் யாரும் எடுக்காவிட்டாலும் முட்டி மோதி என்.எஃப்.எல்.லிலும் ஆடினார்.

ரசிகர்கள் ஒரு பையனைத் தேர்ந்தெடுத்துத் தொடர்வதும், பயிற்சியாளர்கள் இருபது பேரை ஒரே ஆண்டில் சேர்ப்பதும் இதனால்தான் வெவ்வேறு ஆட்டங்கள். அலபாமாவில் நிக் சேபன் 2007 முதல் 2023 வரை செய்தது இருபது பேர் ஆட்டம்: ஆண்டுக்கு ஆண்டு நாட்டிலேயே சிறந்த கூட்டத்தைச் சேர்த்தார், அதில் பாதி சொதப்பினாலும் மீதி போதும். ஆறு தேசியப் பட்டங்கள் அப்படி வந்தவை. பட்டம் வெல்லும் அணியில் நான்கு, ஐந்து நட்சத்திரக்காரர்கள் பாதிக்கு மேல் இருக்க வேண்டும் என்பது பல ஆண்டுகள் ஏறக்குறைய விதியாகவே நின்றது.

அந்த விதியை அசைத்தது பணமும் இடமாற்றமும். 2018 அக்டோபரில், கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பெயர்களைப் பதிவுசெய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021-இல் ஒருமுறை கல்லூரி மாறி உடனே ஆடலாம் என்றாயிற்று. 2024-இல் எத்தனை முறை வேண்டுமானாலும் என்று தளர்ந்தது. 2021 ஜூலை முதல் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரங்களுக்குக் கொடுத்து வீரர்கள் சம்பாதிக்கலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகச் சம்பளம்போலக் கொடுக்கின்றன. முதலாண்டுக்கு உச்சவரம்பு எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்துப் பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். டுப்ரீக்கு மூடியிருந்த கதவு இப்போது ஆண்டுதோறும் திறந்துகிடக்கிறது.

2025 டிராஃப்ட் இதன் முழுப் படம். டெக்சஸின் க்வின் யூவர்ஸ் 2021-இல் முழு மதிப்பெண்ணோடு முதலிடம் பெற்றவர். பள்ளி மாணவர்கள் விளம்பர வருமானம் பெற மாநிலச் சட்டம் இடம் தராததால் கடைசி வகுப்பையே விட்டுவிட்டு ஒஹாயோ ஸ்டேட் போனார். அங்கே ஆட வாய்ப்பு ஏறக்குறைய வராமலே, டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி இரண்டு முறை தேசியப் பட்டத்துக்கான அரையிறுதிவரை அணியைக் கொண்டுசென்றார். தோல்வி என்று சொல்ல முடியாத வாழ்க்கை. ஆனாலும் டிராஃப்டில் 231-ஆவது இடம். அதே மாநிலத்தில் கேம் வார்டின் பள்ளி அணி பந்தை எறிவதே அபூர்வம் என்பதால் குவார்ட்டர்பேக்கான அவரை யாரும் கவனிக்கவில்லை. ஒரு நட்சத்திரமும் இல்லை. சான் அன்டோனியோவின் சிறு பல்கலைக்கழகமான இன்கார்னேட் வேர்ட் மட்டும் அழைத்தது. அங்கிருந்து வாஷிங்டன் ஸ்டேட், பிறகு மயாமி. அந்த டிராஃப்டின் முதல் பெயர் அவருடையது. இரண்டாவதாக வந்த டிராவிஸ் ஹன்டரோ 2022 பட்டியலின் முதலிடத்துக்காரர், கல்லூரி ஆட்டத்தின் மிகச் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது பெற்றவர். பட்டியல் சரியாகவும் தவறாகவும் ஒரே இரவில் நிரூபணமாயிற்று.

2025 பருவத்தில் இண்டியானா பல்கலைக்கழகம் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் பட்டம் வென்றது. அதன் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி, முன்பிருந்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து பல வீரர்களைக் கையோடு அழைத்து வந்தவர். அணியில் ஐந்து நட்சத்திரக் கூட்டம் கிடையாது; பிற கல்லூரிகளில் அடிபட்டு முதிர்ந்தவர்கள் நிறைய. அவர்களில் ஃபெர்னாண்டோ மென்டோசா, பள்ளி முடித்தபோது பெரிய அணிகள் கண்டுகொள்ளாத குவார்ட்டர்பேக். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆடிவிட்டு இங்கே வந்து ஹைஸ்மன் விருது வாங்கினார். இப்போது தரம் பிரிக்கும் நிறுவனங்கள் போர்ட்டலில் இருக்கும் 22 வயதுக்காரர்களுக்கும் தனியாக நட்சத்திரம் போடுகின்றன. மெதுவாக வளரும் மூன்று நட்சத்திரப் பையன்களுக்காக ஒதுக்கிவைத்த இடங்களைப் பல கல்லூரிகள் அந்த அனுபவசாலிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டதால், அந்தப் பையன்கள் முதலில் சிறிய கல்லூரிகளுக்குப் போய்த் தங்களைக் காட்டிவிட்டு மேலே வர வேண்டியிருக்கிறது.